அமராவதி கேட்ட ஒரு வரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனர் பெரியவர் சுப்பராயலு அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமராவதியின் கணவர் சிங்காரம் அவர்களே, மகள் கனிமொழி, இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்திருக்கும் உறவினர்களே, பரிசோதனைப் பிரிவுச் சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் நடனசபாபதி. உற்பத்தி மேலாளர். தினமும் சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூரின் இந்தச் செம்மண்டலத்துக்கு வந்து போகிறவன். எங்கள் பரிசோதனைப் பிரிவின் பொறுப்பாளர் திருமதி அமராவதி, பதினோரு நாள் காய்ச்சலில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். புகழ்வேன். ஆனால் அவரைப் புகழ வேண்டுமென்றால் என்னைக் குறை சொல்லாமல் முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம்? மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் பெட்டி செய்கிறோம். சுனாமி வந்து போன மறு வருடம் தொடங்கிய வேலை இது. பெட்டிக்குள் ஒரு போர்டு. அந்தப் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த புள்ளிகள் நூற்றுக்கணக்கில். அதில் ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்தாலும், கரையில் நன்றாகப் பேசும் பெட்டி நடுக்கடலில் அலை அடித்ததும் ஊமையாகிவிடும். அந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் அமராவதியின் வேலை.

அந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது விளம்பரத்தில் ஒரு வரி போட்டேன். 'கண்ணாடி அணிந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.' எழுதியவன் நான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. நுணுக்கமான வேலைக்கு நல்ல கண் வேண்டும் என்று என் கெட்டிக்காரத்தனம் சொன்னது. சுவரில் எழுத்துப் பலகை மாட்டி எல்லோரையும் படிக்கவும் வைத்தேன். அமராவதி கடகடவென்று படித்தார். வரிசையில் கடைசி ஆளாக நின்று, முன்னால் போனவர்கள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார் என்பது எனக்கு நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நான்கு வருடம் அவர் கையிலிருந்து ஒரு பழுதான போர்டு வெளியே போனதில்லை. எப்படி? பழைய மைக்ராஸ்கோப்பில் இரண்டு குழல்கள் இருந்தன. கண்ணைக் குழலில் ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழலிலும் ஒரு வளையம் இருக்கும். பார்வைக் குறைவுக்குத் தகுந்தபடி அதைத் திருகி வைத்துக்கொண்டால் கண்ணாடி இல்லாமலே தெளிவாகத் தெரியும். அமராவதி திருகி வைத்துக்கொண்டார். அவரது கண்ணாடி சாப்பாட்டுப் பையிலேயே இருந்தது.

அந்தக் கண்ணாடியை எங்கே வாங்கினார் தெரியுமா? கடலூரில் கண்ணாடிக் கடையே இல்லையா? இருக்கிறது. யாராவது பார்த்து என்னிடம் சொல்லிவிடுவார்களோ என்று பஸ் ஏறிச் சிதம்பரம் போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் நிலையத்தில் நானே அவரைப் பார்த்தேன். "என்னம்மா இந்தப் பக்கம்?" என்றேன். கையிலிருந்ததை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "சும்மா சாமி பாக்க வந்தன் சார்" என்றார். நல்ல பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

2009-ல் புது மைக்ராஸ்கோப் வாங்கினோம். அதில் குழலே கிடையாது. முன்னால் அகலமான ஒரு லென்ஸ். சற்றுத் தள்ளி நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். கழுத்து வலிக்காது. குழலின் கறுப்பு ரப்பர் கண்ணைச் சுற்றி வளையம் போடாது. பரிசோதனைப் பிரிவுப் பெண்களுக்கு நான் செய்த பெரிய உபகாரம் என்று மார்தட்டிக்கொண்டேன். முதல் இயந்திரத்தை அமராவதிக்கே கொடுத்தேன். கண்ணுக்குத் தனித்தனியாகத் திருக அதில் வளையம் இல்லை என்பதை நான் யோசிக்கவில்லை. வீட்டில் போடும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம் என்பதுதான் அந்த இயந்திரத்தின் பெருமையே. அந்தப் பெருமையை வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடி போடக்கூடாது என்ற சட்டத்தையும் வைத்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்த பாஞ்சு நாளா நான் பாஸ் பண்ண போர்ட எல்லாம் திருப்பி வாங்கிடுங்க."

"ஏம்மா, போர்டுல என்ன?"

"போர்டுல ஒண்ணுமில்ல சார். என் கண்ணுல. எடது கண்ணு பவர் ஜாஸ்தி. பழைய மிஷின்ல வளையத்த திருப்பி வச்சி சமாளிச்சன். இதுல முடியல. தெரியுது தெரியுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினு பாஸ் பண்ணிட்டன்."

நான் கத்தினேன். "நாலு வருஷமா என்னை ஏமாத்திட்டியா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன். அவர் அழவில்லை.

"உங்கள ஏமாத்துனது நெசந்தான் சார். கடலுக்குப் போறவுங்கள ஏமாத்த முடியல. என்ன அனுப்பிடுங்க. பெட்டிய மட்டும் வாங்கிடுங்க."

வேலை போனால் போகட்டும் என்று நின்றார். அந்த வேலையில்தான் கனிமொழி படித்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டு பெட்டிகளைப் படகு படகாகப் போய்த் திரும்ப வாங்கினோம். ஒன்று சிங்காரம் அண்ணன் படகிலேயே இருந்தது. அது நன்றாகவே இருந்தது. விரிசல் இருந்த மூன்று பெட்டிகளும் அமராவதி முகம்கூட அறியாதவர்களின் படகுகளில் இருந்தன. அந்த மூன்று படகுக்காரர்களும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன பெருமை வேண்டும்?

பெரியவர் அவரை வேலையை விட்டு அனுப்ப மறுத்துவிட்டார். இனிக் கண்ணாடி போடலாம் என்று நானும் வாயால் சொன்னேன். மறுநாள் அமராவதி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பக்கத்து மேசை புஷ்பவள்ளி சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். பிறகு பொன்னி எடுத்தார். பதினோரு பேர் கொண்ட பிரிவில் ஏழு பேரிடம் கண்ணாடி இருந்தது. ஏழு பேரும் எனக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தார்கள். அன்று நான் பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை.

அதிலிருந்து அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஒருவர் பார்த்த போர்டைப் பக்கத்தில் இருப்பவர் மறுபடி பார்க்க வேண்டும். தான் பார்த்து முடித்ததும், பொறுப்பாளர் என்ற கெத்து இல்லாமல், "நீ ஒருதரம் பாரு" என்று நீட்டுவார்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெளம்பரத்துல அந்த வரிய அடிச்சிட்டு எழுதிப் போடுங்க சார். வாயால சொன்னது உங்களோட போயிடும்." நாளைக்கு என்றேன். இரண்டு வருடம் நாளைக்கு என்றேன். போன மாதம் புதிய ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தோம். பழைய தாளைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்கள். அந்த வரி மறுபடி அச்சில் வந்தது. பேப்பரைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அடுத்த முறை திருத்திவிடலாம் என்றேன். நான்காம் நாள் காய்ச்சலில் படுத்தார்.

சகோதரிகளே, அவர் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட உரையை முடிப்பார்கள். என் வாய்ச்சொல்லை அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிக்கிறேன்.

'பரிசோதனைப் பிரிவில் கண்ணாடி அணிந்தவர்களும் வேலைக்குச் சேரலாம். வருடம் ஒருமுறை எல்லோருக்கும் கண் பரிசோதனையும் தேவைப்படுவோருக்குக் கண்ணாடியும் நிறுவனம் தரும். கண் தெரியவில்லை என்று சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது.'

அவ்வளவுதான். எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கேட்டவர் இருக்கும்போது எழுதியிருக்கலாம். அமராவதி, என்னை மன்னித்துவிடுங்கள்.

புஷ்பவள்ளி, இப்படி மேடைக்கு வாம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொள். இந்தத் தாளில் எங்காவது விரிசல் இருக்கிறதா, நீ ஒருதரம் பாரு.