சோதனை வேண்டாம் என்றது கப்பல்

இந்த அறையில் குளிர் அதிகம், இன்ஸ்பெக்டர். ஏர்கோனைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது. வயதானவர்களும் வந்து போகும் இடம்.

என் பெயர் உஷாராணி. பிரிக்பீல்ட்ஸில் பயண நிறுவனம் நடத்துகிறேன். முன்பு கோயில்களுக்குப் பஸ் விட்டேன். இப்போது எங்கள் ஆட்களுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறினால்தான் திருப்தி.

கப்பலின் கோவிட் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. முதலில் இரண்டு ஊசி போதும் என்றார்கள். பிறகு பூஸ்டர். பிறகு டாக்டர் கையால் மூக்கில் குச்சி. அப்புறம் நாமே வீட்டில் விட்டுக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில், சோதனையே வேண்டாம், உடம்பு சரியில்லாதவர்கள் தாங்களாகவே சொல்லிவிட்டால் போதும் என்று மின்னஞ்சல் வந்தது. கிருமியும் அதைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்த பூச்சோங் ஊர் நாகையா அங்கிள் மட்டும் நம்பவில்லை. மனைவி லெட்சுமி ஆன்டி தானம் கொடுத்த சிறுநீரகத்தில் வாழ்ந்தவர் அவர். அந்த ஆன்டிக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு ஆசை.

"உஷா, நான் சாப்பிடுற மருந்துக்கு ஒடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காதும்மா. ஒட்டுச்சுன்னா தாங்க மாட்டேன். எல்லாரும் டெஸ்ட் எடுத்தா வரேன், இல்லன்னா வேணாம் லா."

"நானே எல்லாருக்கும் எடுக்குறேன் அங்கிள்" என்றேன்.

அவர்கள் இருவரும் விலகினால் குழு நிறையாது. நிறைந்தால் ஏற்பாட்டாளருக்குக் கேப்டனோடு விருந்து உண்டு. அதற்கென்றே ஒரு பட்டுப் புடவை எடுத்து வைத்திருந்தேன்.

சொன்னபடி புறப்படும் காலையில் என் அலுவலகத்தில் எல்லோருக்கும் எடுத்தேன். எல்லோருக்கும் ஒரே கோடு. எனக்கு மட்டும் இரண்டு. இரண்டாவது மங்கலாகத்தான் இருந்தது. காய்ச்சலும் லேசானதுதான். அதை டிஷ்யூவில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு பனடோல் மாத்திரை விழுங்கினேன். தேவையே இல்லாத சோதனைக்கு முடிவு மட்டும் எதற்கு?

பஸ்ஸில் அங்கிள் கேட்டார். "நீயும் எடுத்தியாம்மா?"

"மொத ஆளே நான்தான்."

அதற்குப் பிறகுதான் அவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

கேப்டன் விருந்துக்கு அங்கிளையும் ஆன்டியையும் அழைத்துப்போய், அங்கிளை என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். மரியாதைக்குத்தான். வாத்திய சத்தத்தில் காதோடு காதாகப் பேச வேண்டியிருந்தது. லெட்சுமி ஆன்டி என் கையைத் தொட்டுப் பார்த்து, "என்னா உஷா, ஒடம்பு சுடுதே?" என்றார். "வெயில்ல நின்னது ஆன்டி" என்றேன். நல்ல விருந்து. இறால் சற்று உப்பு.

கரைக்கு வந்த பிறகு அங்கிளுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் ஒரு வாரம் தாங்கினார். இறுதிச் சடங்கில் ஆன்டி, "யாருகிட்டேருந்து ஒட்டுச்சுன்னே தெரியலையே" என்று அழுதபோது, மேசைக்குப் பரிமாறியவன் இருமிக்கொண்டே இருந்தானே என்றேன். ஆன்டியின் மகன் கப்பல் நிறுவனத்துக்குப் புகார் எழுதினார். பரிமாறியவனுக்கு வேலை போய்விட்டதாகச் சொன்னார்கள். கெட்டிக்காரன். வேறு கப்பல் கிடைத்துவிடும்.

என் உதவியாளர் வாணி அன்று குப்பைத்தொட்டியைக் கிளறி அந்த டிஷ்யூவைப் பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் நமக்குள் இந்தச் சந்திப்பே நடந்திருக்காது.

தெரிந்தே செய்தேனா என்று கேட்கிறீர்கள். தெரியும். எனக்கு நோய் இருந்ததும் தெரியும், அவருக்கு ஒட்டினால் பிழைக்க மாட்டார் என்பதும் தெரியும். அதற்காக என்னை மனசாட்சி இல்லாதவள் என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த பயணத்தில் லெட்சுமி ஆன்டிக்கு ஜன்னல் வைத்த தனி அறை ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். துணை இல்லாமல் வருகிறவர்களுக்கு அப்படி அறை கிடைப்பது லேசில்லை.