பச்சைத் தண்ணீர் குடித்த பாத்தி

நாற்றம் பொறுத்து நற்பயறு வளர்த்த நாயகியே! இலைவழி ஊட்டி இளஞ்செடி தேற்றிய எங்கள் தலைவியே! ஈயையும் சாட்சிக்கு அழைத்த நேர்மையே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் பயறு ஆராய்ச்சி நிலையத்தார் எழுந்து நின்று வணங்கி வாசிக்கும் மடல் இது. தாங்கள் உட்கார்ந்தே கேளுங்கள்; தங்களை உட்கார்ந்த நிலையில் பார்ப்பது எங்களுக்கு அபூர்வம்.

மீன் சந்தையில் வீசியெறியும் தலையையும் குடலையும் பீப்பாயில் ஊறவைத்து, அதிலுள்ள புரதத்தை இலை உறிஞ்சும் பதத்துக்குக் கரைத்து, தட்டைப்பயறின் மேல் புகைபோலத் தெளிக்கலாம் என்று தாங்கள் சொன்ன அன்றே நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். உணவறையில் தங்கள் பக்கத்து நாற்காலி என்றும் காலி. “இவ ஆராய்ச்சிக்குப் போறாளா, மீன் விக்கப் போறாளான்னே தெரியல” என்று தங்கள் கணவர் எங்களிடம் அலுத்துக்கொண்டார். தினமும் குழாயடியில் வெந்நீர் எடுத்துவைத்துக் காத்திருந்தவரும் அவரேதான்.

கரைசல் குடித்தது ஒரு பாத்தி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பச்சைத் தண்ணீர் குடித்தது பக்கத்துப் பாத்தி. முதல் போகத்தின் முடிவைப் பார்க்க வந்த குழு, இரண்டுக்கும் நடுவே நின்று உதட்டைப் பிதுக்கியது. “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா இந்த நாத்தம்? நிறுத்திடலாம்” என்றார் குழுத் தலைவர். தங்கள் உழைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

தாங்களோ தண்ணீர்ப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதன் இலைகளில் ஈ மொய்த்தது.

“தண்ணி குடிச்ச செடில ஈக்கு என்ன வேலைங்க? தப்பு என்னோடது. ரெண்டு கேனும் ஒரே மாதிரி. அப்பப்ப மாத்தி அடிச்சிருக்கேன். இன்னிக்குக் காலையிலகூட” என்றீர்கள். பழியை மழையின் தலையில் போட்டிருக்கலாம், விதையின் தலையில் போட்டிருக்கலாம். தாங்களோ தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டீர்கள். தலைவர் அந்த இலையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு போகம் பாருங்க” என்றார்.

தண்ணீர்க் கேனுக்கு நீல வண்ணம் பூசினீர்கள். கதவுக்கு அடித்து மிஞ்சிய வண்ணம் அது. அடுத்த போகத்தில் கரைசல் குடித்த பாத்தி இலை அகன்று, பூ உதிராமல், கொத்துக் கொத்தாய்க் காய்த்துக் குலுங்கியது! தண்ணீர்ப் பாத்தி பாவமாய் நின்றது. அதே தலைவர் குனிந்து ஒரு காயைப் பிளந்து பயறைப் பார்த்துவிட்டு, “இந்த நாத்தத்த இனிமே பொறுத்துக்கலாம்மா” என்றார். இன்று அந்த நாற்றத்தை வாங்க உழவர்கள் கேனோடு வரிசையில் நிற்கிறார்கள். எங்களுக்கோ அது வெற்றியின் வாசனை.

வெற்றி கண்ட பின்னும், ஒப்பீடு கெடக் கூடாதென்று, போகம் தவறாமல் ஒரு பாத்திக்கு நீலக் கேனிலிருந்து வெறும் தண்ணீர் தெளித்தீர்கள். “இதுக்கு மட்டும் நான் மாத்தாந்தாய்” என்று அதன் ஓரத்தில் தாங்கள் முணுமுணுத்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது.

தாயே, கரைசல் குடித்த இலைபோல் வாடாத உடலும், காய்த்த கொடிபோல் நிறைந்த இல்லமும், நாங்கள் பொறாமைப்படும் அளவுக்கு நீண்ட ஆயுளும் தங்களுக்கு வாய்க்கட்டும். மாலையோடு நேரே வாசலுக்குப் போய்விடாதீர்கள்; வயல் வழியே போங்கள். இப்போகத்தின் கடைசி அளவீடு நேற்றே முடிந்தது. தண்ணீர்ப் பாத்தியில் ஈ மொய்க்கும். பதற வேண்டாம், இம்முறை கேன் மாறவில்லை. இன்று காலை அதற்கும் ஊட்டிவிட்டோம்.

மூக்கைப் பொத்திய கைகளையே கூப்பி,
பயறு ஆராய்ச்சி நிலையப் பணியாளர்கள்