கையெழுத்தாகும் வரை

கோப்பிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, விற்கப் போகிற இடத்தில் கொடுப்பதைக் குடித்துப் பழகியவன் நான்.

என் பெயர் டேரில். ஜார்ஜ்டவுனில் ஒரு பூட்டுக்கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் இரண்டு பேர். நான் தலைமை நிர்வாகி, யுகேந்திரன் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. பெருக்கித் துடைப்பதும் அதே இரண்டு அதிகாரிகள்தாம். முதியோர் இல்ல அறைகளில் கேமரா பொருத்துவோம். யாராவது விழுந்தால் எங்கள் மென்பொருள் கண்டுபிடித்துப் பணியாளர் மேசையில் மணி அடிக்கும். அடிக்கும் என்று விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தோம்.

உண்மையில் அதற்கு விழுவதற்கும் குனிவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினாலும் மணி அடித்தது. எங்களுக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். சொந்தமாகக் கம்பெனி எதுவும் நடத்தியதில்லை, ஆகவே நிறையத் தெரியும். அவரிடம் இரண்டு பாடம் கற்றோம். தொடக்கத்தில் மெஷின் செய்யவேண்டியதை நீங்களே கையால் செய்யுங்கள், வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டியதில்லை என்றார். அப்புறம், ஆரம்பத்தில் நிறுவனரேதான் விற்க வேண்டும் என்றார். எதிரே இருப்பவர் பேனாவை எடுத்துவிட்டால் பேசாதே, அசையாதே. முதலில் அசைகிறவன் தோற்றான்.

ஆகவே நாங்களே மென்பொருள் ஆனோம். செபராங் ஜெயாவில் ஜெகதீஸ்வரி அக்கா நடத்தும் இல்லத்தில் ஆறு அறைகள். படம் எங்கள் கைப்பேசிக்கு வரும். இரவில் யுகேந்திரன் பார்ப்பான், பகலில் நான். யாராவது விழுந்தால் திரையில் ஒரு பொத்தானை அழுத்துவோம், அங்கே மணி அடிக்கும். "ரெண்டே வாரம்டா, அப்புறம் மெஷினே பாத்துக்கும்" என்றான் யுகேந்திரன். எட்டு மாதம் ஆயிற்று.

மூன்றாம் அறையில் பெஞ்சமின் அங்கிள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் கேமராவைப் பார்த்துக் கையாட்டி, "தம்பி, சாப்பிட்டியா?" என்பார்.

"அது மெஷின் அங்கிள், உள்ள ஆள் இல்ல லா" என்று ஜெகதீஸ்வரி அக்கா சிரிப்பார்.

அங்கிள் நம்பவில்லை. எங்கள் தயாரிப்பைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே வாடிக்கையாளர் அவர்.

அந்த வியாழக்கிழமை நான் சிம்பாங் அம்பாட்டில் இருந்தேன். அங்கே ஷேரன் அக்காவுக்கு நான்கு இல்லங்கள். நாலும் கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"என் நர்ஸ் பிள்ளைங்களே தூங்கிடுதுங்க. உங்க சாமான் தூங்காதா, தம்பி?"

"கண்ணே மூடாது, அக்கா."

"சும்மா கதை விடாதீங்க லா" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மணி பதினொன்றாகிப் பன்னிரண்டு நிமிடம். என் மடியிலிருந்த கைப்பேசியில் பெஞ்சமின் அங்கிள் விழுந்தார்.

பொத்தானை அழுத்த ஒரு விரல் போதும். ஆனால் மடியில் தட்டுவதைப் பார்த்தால் அக்கா என்ன என்று கேட்பார், கேட்டால் காட்ட வேண்டும். கழிவறைக்கு என்று சொல்லி எழுந்திருக்கலாம். அது கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் பேனா கையில் இருந்தது. நான் அசையவில்லை.

ஷேரன் அக்கா நிதானமாகப் படிக்கிறவர். பதினொன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார். நன்றி சொல்லி, காருக்கு வந்து, பொத்தானை அழுத்தினேன். மணி உடனே அடித்தது. மென்பொருளில் அந்தப் பகுதி மட்டும் ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

மறுநாள் அங்கிள் இறந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு. கொஞ்சம் முன்னதாகப் பார்த்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். ஜெகதீஸ்வரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க மணி அடிக்கலன்னா மத்தியானச் சோறு கொண்டுபோறப்பதான் பாத்திருப்போம், தம்பி."

பதிவில் விழுந்த நேரத்தைப் பதினொன்று ஐம்பத்தொன்று என்று திருத்தினேன். அக்கா சொன்ன வாக்கியத்தை, முறையாக அனுமதி வாங்கி, புதிய விளம்பரத் தாளில் போட்டேன். நல்ல வாக்கியம். அதைப் படித்த பிறகுதான் யுகேந்திரன் அன்றைய கேமராப் படத்தைத் தேடி எடுத்து உங்களிடம் கொண்டுவந்தான்.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையில் கிடக்கிறவர் கேமராவை நோக்கிக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறார். உதவி கேட்டார் என்று யுகேந்திரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் வாடிக்கையாளரோடு பழகாதவன். அங்கிள் தினமும் அப்படித்தான் ஆட்டுவார். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம், அவ்வளவுதான்.

மரியாதைக்கு நானும் மேசைக்கடியில் ஒருமுறை திருப்பிக் கையாட்டினேன். ஷேரன் அக்கா கவனிக்கவில்லை.