திருகாணி

காபி வேணாமா? அதுவும் லஞ்சத்துல சேந்துருமா தம்பி? சாராளும் இப்படித்தான். மனு எடுத்துட்டு வர்றவங்க ஒரு இளநி சீவிக் குடுத்தாக்கூட, காசை அவங்க கையில வெச்சுட்டுத்தான் குடிப்பா. பொருத்தமான ஆளைத்தான் புடிச்சிருக்கீங்க உங்க குழுவுக்கு.

இருங்க, ஜன்னலைச் சாத்தறேன். பெருங்களத்தூர்ல இந்த பஸ் ஹாரனுக்கு நடுவுல ஒரு வார்த்தை காதுல விழாது.

ம், கேளுங்க. சர்க்கார் ஆபீஸ் லஞ்சத்தை விசாரிக்கப் புதுசா கண்காணிப்புக் குழு வைக்கறாங்க, அதுல ரிட்டயர் ஆனவங்க ஒருத்தர், கறை படாத ஆளா வேணும்னு பேப்பர்ல பார்த்தேன். நானும் விண்ணப்பம் போட்டேனே. அபிதகுஜாம்பாள், பி.ஏ. தமிழ். உங்க கண்ணுல படலையா? பரவால்ல.

ரெண்டு பேரும் தாலுக்கா ஆபீஸ்ல ஒரே நாள் சேர்ந்தோம். முப்பத்திரண்டு வருஷம் எதிரெதிர் மேஜை. அவ லீவு போட்ட அன்னிக்கு ஜனங்க வந்து, சாராளம்மா இல்லியான்னு கேப்பாங்க. இல்ல, நான் பாக்கறேன், குடுங்கன்னு கை நீட்டுவேன். பரவால்லம்மா, நாளைக்கு வரோம்னு போயிடுவாங்க. கேளம்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ் மாறி வந்தவங்க தம்பி. நீட்டின கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாது. சும்மா ஃபைலைத் தட்டி அடுக்குவேன்.

அவ ரிட்டயர் ஆன அன்னிக்கு மீன் விக்கற பொம்பளைங்க கூடையோட வந்து நின்னு அழுதாங்க. ஆபீஸ் பூரா கவிச்சி. எனக்கு மிக்சரும் ஒரு சால்வையும். சால்வை நல்ல வாசனையாத்தான் இருந்துச்சு.

மொட்டைக் கடுதாசியா? சாராள் மேலயா? படிங்க, கேப்போம்.

ம். பட்டாவுல பேர் மாத்த முத்தாலம்மாள்ங்கற மீன்காரம்மாகிட்ட செவப்புக் கல் தோடு வாங்கினா, இன்னிக்கும் அதைத்தான் காதுல போட்டுட்டிருக்கா. அவ்வளவுதானே? நடந்ததுதான் தம்பி. அந்தம்மா மாடிப்படிக்குக் கீழ நின்னு, காதுலேந்து கழட்டி, முந்தானையில தொடச்சுத் தொடச்சுக் குடுத்தா. மீன் வாசனை போகணுமாம். ஆமா, அங்கதான் இருந்தேன். சாட்சி சொல்றேன், எழுதிக்குங்க.

ஏன் பேனாவை மூடிட்டீங்க?

சாராள் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரீங்களா. சரி. அதுக்கென்ன? காதா?

ஆமா. அவங்க பெந்தெகொஸ்தே சபை. நகையே போட மாட்டாங்க. அவளுக்குக் காது குத்தவே இல்ல. முப்பத்திரண்டு வருஷம் எதிர்ல உக்காந்து பார்த்த காது. எழுதும்போது ஞாபகம் வரலை பாருங்க.

யார் எழுதியிருப்பாங்கன்னு அவளைக் கேட்டீங்களா? என்ன சொன்னா?

தெரியாதுன்னுட்டாளா.

தெரியாம என்ன. அன்னிக்கு நான் தோட்டை வாங்கறப்ப மேல்படியில நின்னுட்டிருந்தா. பார்த்தா. பேசாம எறங்கி வந்தா, என் மேஜையிலேந்து அந்த ஃபைலை எடுத்து அவளே முடிச்சுக் குடுத்தா. அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், தீந்துபோயிருக்கும். அவ அன்னிக்கு மதியம் எலுமிச்சஞ்சாதத்துல பாதி எடுத்து, எப்பவும் போல என் டப்பாவுல வெச்சா தம்பி. அதை எப்படி முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.

கண்ணால கண்டதை வெளியில சொல்லாதவ கண்காணிக்க வராளாம். அதையும் எழுதிக்குங்க. சரி, வேணாம். விடுங்க.

ஒரு தாள் குடுங்க. இந்த வாட்டி பேர் போட்டே எழுதித் தரேன். கதை அதேதான், ஆளை மட்டும் மாத்தணும்.

என் முகத்தைப் பாருங்க தம்பி, காதைப் பாக்காதீங்க. கழட்டித்தான் தரப்போறேன். திருகாணி இறுகிக் கெடக்கு, தேங்காயெண்ணெய் வெச்சாத்தான் வரும்.