அந்தோணியாருக்கு நேர்ந்த ஆடு

ஆட்டுக்கு மூக்கு ஒழுகினால் எங்கள் மலையில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஏற்காட்டில் மனிதர்களுக்கே பாதி வருஷம் மூக்கு ஒழுகும். அதனால்தான் போன மே மாதம் எங்கள் ஊர் தலைச்சோலையில் ஒரு கிடா மூக்கு ஒழுகத் திரிந்தபோது, "கோடை மழை ஒத்துக்கல போல" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அந்தக் கிடா எங்கிருந்து வந்தது என்று விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. சொல்கிறேன். ஆனால் ஆட்டிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் பாதிதான் புரியும். புரதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் ஜோஸ்லின். அப்பா மரியஅந்தோணி, எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. கீழே ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு வருஷம் எல்லாரும் எனக்கு அனுதாபம்தான் காட்டினார்கள். வேறு எதுவும் காட்டவில்லை.

நான் வேலை செய்தது ஆட்டுக்கொல்லி நோயின் வைரஸில். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு அது பங்காளி; இரண்டும் பாராமிக்சோ வைரஸ் குடும்பம். அதன் மரபுச் செய்தி முழுவதும் ஒற்றை ஆர்.என்.ஏ. இழையில் இருக்கிறது. இழையைச் சுற்றி நெருக்கமாக ஒரு புரத உறை. இந்த இழையைப் படித்துப் புது ஆர்.என்.ஏ. செய்வது எல் என்ற பெரிய புரதம். ஆனால் அது தானாக இழைமேல் போய் உட்காராது. அதற்கு பி என்ற இன்னொரு புரதம் வேண்டும். நான்கு பி புரதங்கள் ஒன்றாகப் பின்னிக்கொண்டு, ஒரு பக்கம் எல் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் உறையைப் பற்றும், விடும், மறுபடி பற்றும். அப்படித்தான் எல் புரதம் இழைமேல் நகர்கிறது. பி ஓர் எழுத்துகூட நகலெடுக்காது. ஆனால் பி இல்லாமல் ஒரு நகலும் கிடையாது. புத்தகத்தில் நகலெடுக்கும் நொதி என்று தடித்த எழுத்தில் வருவது எல்லின் பெயர்தான்.

எங்கள் ஆய்வகத்தில் எல், பிரபாகர் சார். பி நான்.

பி புரதத்தின் எந்தத் துண்டு எல்லைப் பிடிக்கிறது என்று மூன்று வருஷம் தேடிக் கண்டுபிடித்தேன். அந்தத் துண்டை மட்டும் தனியாகச் செய்து சோதனைக் குழாயில் போட்டால், அது பி உட்கார வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்காரும், உண்மையான பி வெளியே நிற்கும், ஆர்.என்.ஏ. உருவாவது நின்றுவிடும் என்பது என் கணக்கு. போட்டேன். நின்றது. சார் என் தோளைத் தட்டினார்.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் ரம்யா. அவளும் சாரின் மாணவிதான். சென்னையில் படித்தவள், இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள். கடைசிப் பெயர் சார். என் பெயரைத் தேடினேன். கீழே நன்றி சொல்லும் இடத்தில், கண்ணாடிச் சாமான் கழுவித் தந்த ஆறுமுகம் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தது.

சாரிடம் போய்க் கேட்டேன்.

"எழுதினது ரம்யா. நீ செஞ்சது கைவேலை."

"மூணு வருஷக் கைவேலைங்க சார்."

"நன்றியில போட்டிருக்கேனே. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. உங்க வீட்டுல இதை யார் படிக்கப் போறாங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும்.

அடுத்த வாரம், செய்யாமல் விட்டிருந்த ஒரு சோதனையைச் செய்தேன். எங்கள் துண்டில் உள்ள அதே அமினோ அமிலங்களை, வரிசையைக் கலைத்துப் போட்டுச் செய்த போலித் துண்டு. அது எதையும் பிடிக்கக் கூடாது. அதைப் போட்டால் ஆர்.என்.ஏ. நிற்கவும் கூடாது. நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் நின்றது. அப்படியென்றால் என் துண்டு எந்த இடத்திலும் போய் உட்காரவில்லை. குழாயில் இருந்த புரதங்களையெல்லாம் வெறுமனே கட்டிதட்ட வைத்திருக்கிறது. மருந்தென்று நாங்கள் கொண்டாடியது பிசின்.

இந்தச் சோதனையை முதலிலேயே செய்யாதது என் தவறு. சாரின் தவறும்தான். ஆனால் இப்போது கட்டுரையில் இருந்தது அவர் பெயர். தேதி போட்டு இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு அந்த இரண்டு பக்கத்தையும் நோட்டிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் பைபிளுக்குள் வைத்தேன்.

பெயர் வாங்கிய கையோடு, துண்டை மூக்குச் சொட்டாக்கி ஆடுகளிடம் சோதித்துப் பார்க்க சார் அனுமதி வாங்கினார். தடுப்பூசி போடாத மந்தைகள் அவருக்கு வேண்டும்.

"உங்க ஊர்க்காரங்க நீ சொன்னாக் கேப்பாங்கல்ல, ஜோஸ்லின்?"

"கேப்பாங்க சார்," என்றேன். அது உண்மை. ஊரில் மைக்ராஸ்கோப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மொத்தம் ஆறு வீட்டு மந்தைகள்; சிலவற்றுக்குச் சொட்டு, மற்றவை சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. பெரியது பழனியம்மாக்காவுடையது, இருபத்திரண்டு உருப்படி. அவருக்குக் கணவர் இல்லை. மகள் கவியா பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், நர்சிங் சேர வேண்டும். அந்த ஆடுகள்தான் அவள் காலேஜ். பிப்ரவரியில் கால்நடைத் துறையின் ஊசி முகாம் தலைச்சோலைக்கு வந்த அன்று, பழனியம்மாக்கா என்னைத் தேடி வந்தார்.

"ஏங் கண்ணு, கவர்மெண்டு ஊசியும் போட்டுக்கிட்டு உன்ற சொட்டையும் ஊத்துனா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க்கா. ரெண்டும் சேந்தா மருந்து கெட்டுப் போயிரும்."

"நீ நொம்பப் படிச்சவ, நீ சொன்னாச் சரி. எங்கூட்டுக் கவியாவும் உன்னாட்டம் வந்துட்டா ஆட்டுக்கு ஒரு டாக்டரு, எனக்கு ஒரு டாக்டரு. அப்பறம் இந்தக் குளுருக்கே நா பயப்பட மாட்டன்."

அந்த ஊசி ஒருமுறை போட்டால் மூன்று வருஷம் தாங்கும். எனக்குத் தெரியும். இரண்டு பக்கங்கள் பேச வேண்டுமென்றால் ஆடுகளுக்கு நோய் வர வேண்டும். அதுவும் தெரியும்.

நோய் வரவில்லை. மூன்று மாதமாயிற்று, ஒரு ஆடுகூட இருமவில்லை. சார் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். பழனியம்மாக்காவின் வெள்ளாட்டங்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ. மழையே பெய்யாத ஊரில், பாருங்கள் என் குடையில் ஓட்டையே இல்லை என்று காட்டியது மாதிரி இருந்தது. இப்படியே விட்டால் அவருக்கு விருது கொடுத்துவிடுவார்கள். நான் பைபிளைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன்.

எனவே கீழே ஒரு வாரச்சந்தைக்குப் போனேன். தேட நேரமாகவில்லை. கண்ணோரம் பொருக்கு, வாயோரம் புண், பின்னங்கால் நனைந்த ஒரு கிடா. "சும்மா கழிச்சலுங்க, மேல காத்துப் பட்டாச் சரியாயிரும்," என்றான் விற்றவன். காய்கறி வண்டியில் ஏற்றினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தது. சூடாக இருந்தது.

நோய்பிடித்த அந்நிய ஆட்டைத் தலைச்சோலையில் மேயவிட முடியாது, கல்லெடுத்து விரட்டுவார்கள். நேர்ந்துவிட்ட ஆட்டை மட்டும் விரட்ட மாட்டார்கள். கட்டவும் மாட்டார்கள். ஜூன் திருவிழா வரை அது எந்த மந்தையோடும் மேயலாம், எந்தத் தொட்டியிலும் வாய் வைக்கலாம். வேதக்காரர்கள் வீடு, இந்துக்கள் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அதற்கு ஒரு கொத்துப் பலாத்தழை ஒடித்துப் போடுவார்கள். அப்பாவிடம், டாக்டர் பட்டத்துக்காக அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறேன் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே கிடாவின் கழுத்தில் காவித் துணி கட்டிவிட்டார். "என் மக நேந்து விட்ட ஆடு" என்று அவர் உங்கள் குழுவிடம் சொன்னாரே, அது பொய்யில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பழனியம்மாக்காவின் தொட்டியில் அது தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன். அவர் அதன் கழுத்தைத் தடவி, பொருக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். நான் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

எழுபத்தொரு ஆடுகள் செத்தன. சொட்டு விட்ட மந்தை, விடாத மந்தை என்று எந்த வித்தியாசமும் இல்லை. கடைசி ஆட்டைப் புதைத்த மறுநாள் இரண்டு பக்கங்களையும் உங்கள் மேசையில் வைத்தேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். சாரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ரம்யா போனில் அழுதாள், உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். நீ அந்தக் கட்டுரையில் என் பேரைத் தேடினாயா என்று நான் கேட்டேன். வைத்துவிட்டாள்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். நியாயமாகப் பாருங்கள். வைரஸ் என்னுடையதில்லை, அது சந்தையில் இருந்தது. மருந்து என்னுடையதில்லை, அப்படித்தான் கட்டுரை சொல்கிறது. நான் செய்தது இரண்டையும் ஓர் இடத்தில் சேர்த்துவைத்தது. கைவேலை.

இன்னும் ஒன்று பாக்கி. பழனியம்மாக்காவின் மந்தையில் இரண்டு குட்டிகள் பிழைத்ததை வைத்து, மருந்து வேலை செய்திருக்கிறது என்று சார் உங்களுக்குப் பதில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கதவையும் சாத்திவிடுகிறேன்.

ஆடுகள் செத்த மறுவாரம் பழனியம்மாக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கண்ணு, உங்கிட்ட ஒண்ணு மறச்சுப் போட்டன். அன்னிக்கு முகாமுல மனசு கேக்காம ரெண்டே ரெண்டு குட்டிக்கு மட்டும் ஊசி போட்டுட்டு வந்துட்டனுங்க சாமி. ரெண்டும் சேரக் கூடாதுன்னு நீ அத்தன தூரம் சொன்ன. அதனாலதான் மருந்து கெட்டு ஊரு ஆடெல்லாம் போச்சுங்களா?"

பிழைத்தவை அந்த இரண்டு குட்டிகள்தான். பிழைக்கவைத்தது அந்த ஊசிதான். ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

"இருக்கலாமுங்க்கா," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் ஐந்து வீட்டுக்கும் போய், தன்னால்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இப்போது ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. கவியா ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள்.

ஊசி போட்ட பதிவு முகாம் ஏட்டில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாருக்கு இனி எந்த ஆதாரமும் மிச்சமில்லை. இதில் எழுதியிருப்பது அத்தனையும் நானே யோசித்து, நானே செய்தது. இந்த முறை முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

இதன் நகல் ஒன்றைப் பழனியம்மாக்காவுக்கும் அனுப்பலாமா என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். தேவையில்லை. அவர்கள் வீட்டில் இதை யார் படிக்கப் போகிறார்கள்.