டின்மீனும் பாரையும்

சுனாமிக்கு அடுத்த வருடம். கல்குடாப் பக்கம் இன்னும் பலர் கடல்மீனைத் தொடுவதில்லை. வாழைச்சேனைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு மீன்காரி, பக்கத்திலிருந்த பெண்ணின் பையில் வெளிநாட்டு டின்மீனைக் கண்டாள்.

“கடற்கரையில இருந்துகொண்டு டின்மீனாகா?”

“அது எங்கட ஆக்களத் தின்னல்லதானே.”

மீன்காரி கால்மாட்டிலிருந்த மீன்கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“என்ட மகனும் கடலோடதான் போனான்,” என்றாள் மீன்காரி. “நேத்து என்ட மனிசன் திரும்ப வலை போட்டார். முதல்ல பட்ட பாரைய நானே ஆக்கித் திண்டன். நாம தின்னாட்டி அவர் ஆருக்குகா பிடிக்கிற?”

மற்றவள் இறங்குமுன் பையை விரித்தாள்.

“பெரிசாப் போடுகா. பிள்ளையள் முள்ளெடுக்க மறந்துட்டுகள். இண்டைக்குப் பழக்கணும்.”

“இன்னும் ஆருக்கு?” என்று மீன்காரி எழுந்து நின்று கூவினாள்.

கண்டக்டர்தான் முதலில் கை நீட்டினார்.