இளமை குன்றாத கெண்டைகள்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் எங்கள் ஊர் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கும். செம்மண் நீரை உண்டு அடங்கும். கருவேலங்காட்டில் துளிகள் நின்று நிதானித்து விழும். நிறைந்த ஊருணி கோபுரத்தைத் தன் மடியில் தலைகீழாகக் கிடத்தி அசையாதிருக்கும். அந்நாட்களில் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்வது வழக்கம். ஆகையால் நான் மெல்லப் பேசுவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும், ஆய்வாளர் துர்காதேவி அவர்களே.

புதுவயல் சாலையில் கோயில் விளக்குகளுக்கும் வெள்ளிக் கவசங்களுக்கும் முலாம் பூசும் பட்டறை என்னுடையது. குமரன் ஊருணிக்குக் காவலும் நானே. அது குடிநீர் ஊருணி. எவரும் கால் நனைக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. முப்பது ஆண்டுகளாக ஒரு பாதம்கூடப் படாமல் காத்தேன். நாள்தோறும் அந்நீரைச் செப்புக்குடத்தில் முகந்து முருகனுக்கு முழுக்காட்டினேன். பட்டறையின் அமிலக் கழிவை ஊருணியில் ஊற்றியதே இல்லை. மேட்டிலுள்ள வரத்து வாய்க்காலில்தான் ஊற்றினேன். அதை ஊருணியில் சேர்த்தது மழை. மழை இறைவன் செயல்.

மூன்றாண்டுகளாக அங்குள்ள கெண்டைக் குஞ்சுகள் விரல் நீளத்தைத் தாண்டவில்லை. முருகு என்றால் இளமை. அவன் நீரில் முதுமை நுழைய அஞ்சுகிறது என்றெண்ணி, பொரி தூவும்போதெல்லாம் கண் கசிந்தேன்.

சிவரஞ்சனி, காரைக்குடியில் மீன்களை ஆராயும் மாணவி. சென்ற வெள்ளி விடியலில், நீருக்கு மேலிருந்த கடைசிப் படியில் குந்தியபடி ஒரு கண்ணாடிக் குடுவையை என்னிடம் காட்டினாள்.

“இது குஞ்சில்லய்யா. மூணு வயசு மீனு.”

“சின்னதா அழகாத்தானே இருக்கு?”

“அழகா? குஞ்சுல இருந்தே ஈயத்தையும் காட்மியத்தையும் குடிச்சிருக்கு. வளரு, முட்டை கட்டுன்னு உடம்புக்குச் சொல்ற சுரப்பையே அது கெடுத்துருச்சு. இனி இதுக வளரவும் வளராது, பெருகவும் பெருகாது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல ரிப்போர்ட் குடுக்கப்போறேன். இந்தத் தண்ணிய சாமிக்குக்கூட ஊத்தாதீக.”

முப்பது ஆண்டு முழுக்காட்டையும் ஒரே மூச்சில் நஞ்சாக்கிவிட்டாள். நான் சினங்கொள்ளவில்லை. “தண்ணியில கால வச்சுறாத ஆத்தா” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க வாய்க்கால்ல ஊத்துறதுக்கு எங்காலு எம்புட்டோ சுத்தம்” என்று சிரித்துக்கொண்டே மறுபடி நீர்ப்பக்கம் குனிந்தாள்.

செப்புக்குடத்தை இரு கைகளாலும் உயர்த்தி அவள் பிடரியில் இறக்கினேன். சூறைத்தேங்காய் உடையும் ஒலிதான் கேட்டது. கவிழ்ந்தவளின் தலைமயிரைப் பற்றி முகத்தை நீருக்குள் அழுத்திக்கொண்டு, பதிகம் ஓதலானேன். நான்காம் பாடலில் அவள் நகங்கள் என் முன்கையைக் கிழித்தன; காயத்தைத் தாங்களே பார்த்தீர்கள். ஏழாம் பாடலில் அக்கைகள் ஓய்ந்தன. எஞ்சிய பாடல்களையும் அவசரமின்றி ஓதி முடித்தேன்; பதிகத்தை இடையில் நிறுத்துவது பிழை.

ஒன்றைத் தாங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் பாதமும் என் பாதமும் இறுதிவரை உலர்ந்த கல்லின் மேல்தான் இருந்தன. உடலையும் ஊருணியில் விடவில்லை, வரத்து வாய்க்காலில்தான் கிடத்தினேன். பிறகு குடத்தின் குருதியைப் புளியிட்டுத் துலக்கி, நீர் முகந்து, அன்றைய முழுக்காட்டையும் நிறைவேற்றினேன். ஊருணி தூய்மையாகவே இருக்கிறது.

ஆம், அவளைக் கொன்றவன் நான்தான். கையொப்பமும் இட்டுவிட்டேன்.

மடியிலிருந்த பையில் சிறிது திருநீறு உண்டு. விலங்கிட்ட கைகளாலேயே நெற்றியில் இட்டுக்கொள்கிறேன். எஞ்சியதைத் தங்கள் மேசைமேல் வைக்கிறேன். கண்ணாடிக்கடியில் உள்ள படத்தில் சிரிப்பது தங்கள் மகள்தானே? ஐந்து வயதிருக்கும். இந்நீற்றை அவளுக்கு இட்டுவிடுங்கள். குமரன் அருளால் அக்குழந்தை எங்கள் ஊருணிக் கெண்டைகளைப் போல என்றென்றும் இளமை குன்றாமல் வாழ்க.